பிராங்க்ஸில் 20, நாசோவில் 80: சொந்த வீட்டு விகிதத்தை எப்படிப் படிப்பது?

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் காரை எடுத்து, த்ராக்ஸ் நெக் பாலத்தைத் தாண்டி, குவீன்ஸின் ஓரத்தைத் தொட்டபடி கிழக்கே போனால், நெரிசல் இல்லாத நாளில் அரை மணி நேரத்தில் நகரத்தை ஒட்டிய புறநகரான நாசோ கவுண்டிக்குள் நுழைந்துவிடலாம். புறப்பட்ட இடத்தில் ஆள் குடியிருக்கும் நூறு வீடுகளை எடுத்துக்கொண்டால், சுமார் இருபதில்தான் வீட்டுக்காரரே குடியிருக்கிறார். மீதி எண்பதும் வாடகை வீடு. போய்ச் சேர்ந்த இடத்தில் கணக்கு அப்படியே தலைகீழ்: எண்பதுக்கும் மேலே சொந்த வீடு.

அமெரிக்காவில் கவுண்டி என்பது ஏறக்குறைய நம்மூர் மாவட்டம் மாதிரி. நியூயார்க் மாநிலத்தில் 62 கவுண்டிகள் இருக்கின்றன. நியூயார்க் நகரம் ஒன்றே அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. பிராங்க்ஸ், மன்ஹாட்டன், புரூக்ளின், குவீன்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட் என்று ஊர்ப்பெயர்களாக நமக்குப் பழகிய ஐந்தும் ஒவ்வொன்றும் தனிக் கவுண்டி. ஆளுக்கொரு சொந்த வீட்டு விகிதம் உண்டு: பிராங்க்ஸில் சுமார் 20 சதவீதம், மன்ஹாட்டனில் 24, புரூக்ளினில் 30, குவீன்ஸில் 45, ஸ்டேட்டன் ஐலண்டில் 70-ஐ ஒட்டி. மாநிலம் முழுவதற்கும் சேர்த்தால் 54 வருகிறது. அமெரிக்க மாநிலங்களிலேயே இதுதான் மிகக் குறைவு.

இந்த எண்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. நாசோக்காரர்கள் உழைத்து முன்னேறியவர்கள், பிராங்க்ஸ்காரர்கள் சேமிக்கத் தெரியாதவர்கள் என்று. நம் ஆட்கள் கூடும் விருந்துகளிலேயே இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அது தவறு மட்டுமில்லை, அநியாயமும்கூட என்று நினைக்கிறேன். அந்த விகிதம் எதை எண்ணுகிறது என்று தெரிந்தால், ஒரு கவுண்டியின் எண்ணில் அங்கே வசிப்பவர்களின் குணத்தைவிட, அங்கே என்ன மாதிரிக் கட்டடம் எழுந்தது, யாருக்குக் கடன் கிடைத்தது என்ற வரலாறுதான் அதிகம் இருக்கிறது என்பது புரியும்.

எண்ணுவது ஆட்களை அல்ல

ஊரை விட்டு வந்த புதிதில் குவீன்ஸின் ஃபிளஷிங்கில், பௌன் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில், நாங்கள் நாலு பேர் ஒரு பிளாட்டில் இருந்தோம். நாலு பேருக்கும் வேலை, நாலு பேருக்கும் சம்பளம். ஒருநாள் அமெரிக்க அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகமான சென்சஸ் பீரோவிடமிருந்து ஒரு தடித்த படிவம் தபாலில் வந்தது. ‘அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே’ என்று அதற்குப் பெயர். ஆண்டுதோறும் நாடெங்கும் சுமார் 35 லட்சம் முகவரிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள். அதில் வீட்டைப் பற்றிய ஒரு கேள்விக்கு நான்கு பெட்டிகள் இருந்தன. இந்த வீடு, இங்கே வசிக்கும் ஒருவர் கடன் போட்டு வாங்கியதா? கடனே இல்லாத சொந்த வீடா? வாடகை வீடா? வாடகை தராமல் குடியிருக்கிறீர்களா?

முதல் இரண்டு பெட்டிகளில் எதில் டிக் விழுந்தாலும் சொந்த வீடு. கடைசி இரண்டில் எதில் விழுந்தாலும் வாடகைக் கணக்கு. கவுண்டியின் சொந்த வீட்டு விகிதம் முழுக்க இந்த ஒரு கேள்வியிலிருந்து பிறக்கிறது. சொந்தக்காரர் குடியிருக்கும் வீடுகளின் எண்ணிக்கையை, ஆள் குடியிருக்கும் எல்லா வீடுகளின் எண்ணிக்கையாலும் வகுத்து நூறால் பெருக்கினால் விடை வந்துவிடும்.

வகுக்கும் எண் என்ன என்பதைக் கவனியுங்கள். மக்கள்தொகை இல்லை, குடித்தனங்களின் எண்ணிக்கை. ஒரு வாசலுக்குள் சேர்ந்து வாழ்கிறவர்கள், உறவாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு குடித்தனம். நாங்கள் நாலு சம்பளக்காரர்களும் சேர்ந்து ஒரே ஒரு வாடகைக் குடித்தனம்.

எதிர் வீட்டில் ஒரு பஞ்சாபிக் குடும்பம். அப்பா, அம்மா, வேலைக்குப் போகும் மகன், மகள். அவர்களும் நாலு சம்பளம், ஆனால் ஒரு சொந்த வீட்டுக் குடித்தனம். எங்கள் தெருவில் இந்த இரண்டு வீடுகள் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொண்டால் விகிதம் 50 சதவீதம். அடுத்த ஆண்டு மகனும் மகளும் அதே தெருவில் தனித்தனியாக பிளாட் எடுத்து வாடகைக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். இப்போது குடித்தனம் நாலு, சொந்த வீடு ஒன்று. விகிதம் 25 சதவீதம். யாரும் வீட்டை இழக்கவில்லை. பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கும் அளவுக்கு நிலைமை நன்றாகத்தான் இருக்கிறது. விகிதமோ பாதியாகிவிட்டது.

இதையே திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். வாடகை கட்டுப்படியாகாமல் அந்தப் பிள்ளைகள் இருவரும் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தால் விகிதம் மறுபடி 50-க்கு ஏறிவிடும். தாளில் பார்த்தால் முன்னேற்றம், நிஜத்தில் நெருக்கடி. அதனால் ஒரு கவுண்டியில் விகிதம் ஏறியது, இறங்கியது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது மேலே உள்ள எண் மாறியதா, கீழே உள்ள எண் மாறியதா என்றுதான்.

இன்னும் சில விஷயங்கள் புதிதாகப் படிப்பவரைக் குழப்பும். வங்கிக்கு இன்னும் 29 ஆண்டுத் தவணை பாக்கி இருந்தாலும் கணக்கில் அது சொந்த வீடுதான். அமெரிக்காவில் சொந்த வீட்டில் வாழும் குடித்தனங்களில் பத்துக்கு நாலு அளவில்தான் கடன் இல்லாதவை. மொபைல் ஹோம் என்று அழைக்கப்படும் வீடுகளும் உண்டு: தொழிற்சாலையில் செய்து, லாரியில் கொண்டுவந்து இறக்குவது. அதை நிறுத்தியிருக்கும் மனைக்கு மாதாமாதம் வாடகை கட்டினாலும், வீடு தன்னுடையது என்றால் அது சொந்த வீடாகவே எண்ணப்படும். மாநிலத்தின் வடக்கிலும் மேற்கிலும் உள்ள கிராமத்துக் கவுண்டிகளில் இவை நிறைய. கல்லூரி விடுதி, சிறை, முதியோர் இல்லம், ராணுவப் பாசறை ஆகியவை வீடு என்ற கணக்கிலேயே வராது. பூட்டிக் கிடக்கும் வீடும் வராது.

பூட்டிய வீடுகளின் கவுண்டி

பூட்டிய வீட்டைச் சேர்க்காததால் என்ன ஆகிறது என்பதற்கு ஹாமில்டன் கவுண்டியைவிட நல்ல உதாரணம் கிடையாது. அடிராண்டாக் மலைக்காட்டுக்குள் முழுக்க அடங்கிய கவுண்டி அது. மாநிலத்திலேயே மிகக் குறைந்த மக்கள்தொகை. 2020 கணக்கெடுப்பில் 5,107 பேர். அங்கே உள்ள வீடுகளில் மூன்றில் இரண்டுக்கும் மேல் வருடத்தின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். கோடைக்கு ஏரிக்கரையில் வந்து தங்கவும், குளிர்காலத்தில் பனிவண்டி ஓட்டவும் வெளியூர்க்காரர்கள் வைத்திருக்கும் வீடுகள் அவை.

அந்த வீடுகளுக்கெல்லாம் சொந்தக்காரர் உண்டு. ஆனால் அவர் மன்ஹாட்டனில் வாடகை பிளாட்டில் வாழ்பவராக இருந்தால், கணக்கில் மன்ஹாட்டனின் வாடகைக் குடித்தனமாகத்தான் விழுவார். ஏரிக்கரை வீடு எங்கேயும் எண்ணப்படாது. ஹாமில்டனில் வருடம் முழுவதும் இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், பல தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். ஆகவே அங்கே விகிதம் 80-ஐத் தாண்டி நிற்கிறது. அந்த ஊரில் வேலைக்குப் போகும் ஒரு இளம் ஆசிரியை வாடகைக்கு வீடு தேடினால் என்ன பாடு படுவார் என்பதை அந்த எண் சொல்லாது. வீடுகள் ஏராளம், குடிவர வீடு இல்லை.

இதே கவுண்டியை வைத்து இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். மாநில விகிதம் வேண்டும் என்று 62 கவுண்டிகளின் விகிதங்களையும் கூட்டி 62-ஆல் வகுக்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் விடை 70-ஐ ஒட்டி வரும். உண்மையான மாநில விகிதம் 54 என்று மேலே பார்த்தோம். ஏன் இந்த இடைவெளி? ஹாமில்டனில் சில ஆயிரம் குடித்தனங்கள். பிராங்க்ஸில் ஐந்து லட்சத்துக்கும் மேல். இரண்டையும் ஒரே தராசுத் தட்டில் சம எடையாக வைப்பது எப்படி நியாயமாகும்? நியூயார்க் மாநிலத்தில் பத்தில் நாலு பேருக்கும் மேல் அந்த ஐந்து நகரக் கவுண்டிகளில்தான் இருக்கிறார்கள். கவுண்டி வரைபடத்தைப் பார்க்கும்போதும் இதே மயக்கம் வரும். வடக்கே பெரிய பெரிய நிலப்பரப்புகள் அடர்நிறத்தில் சொந்த வீடு, சொந்த வீடு என்று கண்ணை நிரப்பும். கீழே ஓரத்தில் கட்டை விரலால் மறைத்துவிடக்கூடிய ஒரு வெளிர்ப்புள்ளியில், 2020 கணக்கெடுப்பின்படி, 88 லட்சம் பேர் இருப்பார்கள்.

கட்டடம் போடும் உச்சவரம்பு

பிராங்க்ஸும் நாசோவும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? வருமானம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வருமானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டடத்தைப் பாருங்கள் என்பேன்.

குவீன்ஸிலும் புரூக்ளினிலும் தெருத்தெருவாக இரண்டு குடும்ப வீடுகள் இருக்கின்றன. கீழே வீட்டுக்காரர், மேலே குடித்தனக்காரர். சென்னையிலோ மதுரையிலோ மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கணக்கெடுப்பில் இது ஒரு கட்டடம், இரண்டு வீடு. ஒரு தெரு முழுக்க இப்படிப்பட்ட வீடுகள்தான் என்றால், ஒவ்வொரு கட்டடத்திலும் வீட்டுக்காரரே குடியிருந்தாலும்கூட விகிதம் 50-ஐத் தாண்ட முடியாது. மூன்று குடும்ப வீடு என்றால் 33. அந்தத் தெருவில் எல்லோரும் லட்சாதிபதிகளாக இருந்தாலும் அதே 33-தான். இனி பிராங்க்ஸின் கிராண்ட் கான்கோர்ஸ் சாலையை நினைத்துப் பாருங்கள். ஆறு மாடி, அறுபது பிளாட், கட்டடத்துக்கு ஒரே முதலாளி. அவரே அங்கு குடிவந்தாலும் அறுபதில் ஒன்றுதான் சொந்த வீடு.

பிராங்க்ஸ் இப்படி ஆனது ரயில் வந்ததால். இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது நாற்பது ஆண்டுகளில் மன்ஹாட்டனிலிருந்து சப்வே பாதைகள் வடக்கே நீள நீள, நிலையங்களைச் சுற்றி நடந்து போகும் தூரத்தில் வாடகைக் கட்டடங்கள் எழும்பின. அன்றைக்கு மன்ஹாட்டனின் கீழ்க்கோடியில் நெருக்கடியான குடியிருப்புகளில் அடைந்து கிடந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்த பிளாட்டுகள் பெரிய முன்னேற்றம். வெளிச்சம், காற்று, தனிக் குளியலறை. வாடகை வீடு என்பது அங்கே தோல்வியின் அடையாளமாகத் தொடங்கவே இல்லை.

ஸ்டேட்டன் ஐலண்ட் கதை வேறு. அதற்கு நகரத்தின் சப்வே இணைப்பு இன்றுவரை கிடையாது. 1964-ல் வெரசானோ பாலம் புரூக்ளினோடு அதை இணைத்தபோது, வந்தது கார். காரோடு வந்தது தனி வீடு. அதே நகரம், அதே மேயர், ஆனால் சொந்த வீட்டு விகிதம் பிராங்க்ஸைப் போல மூன்றரை மடங்கு.

மன்ஹாட்டனில் சொந்தமாக இருப்பவற்றில் பெரும்பகுதி கோ-ஆப் என்ற வகை. நமக்குப் பழக்கமில்லாத ஏற்பாடு இது. அங்கே பிளாட்டை வாங்குவதில்லை. கட்டடத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகளை வாங்குகிறீர்கள். அந்தப் பங்கோடு, இன்ன பிளாட்டில் குடியிருக்கும் உரிமை வருகிறது. சட்டப்படி பத்திரம் உங்கள் பெயரில் இல்லை. ஆனாலும் சென்சஸ் அதைச் சொந்த வீடாகவே எடுத்துக்கொள்கிறது.

சில கவுண்டிகளுக்கே உரிய காரணங்களும் உண்டு. டாம்ப்கின்ஸ் கவுண்டியில் இத்தாகா நகரமும் கார்னெல் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. விடுதி மாணவர்கள் கணக்கில் வராவிட்டாலும், வெளியே வீடு எடுத்துத் தங்கும் மாணவர்கள் வருகிறார்கள். சுற்றியுள்ள கிராமத்துக் கவுண்டிகளைவிட விகிதம் நன்றாகக் குறைந்து 55 பக்கம் நிற்கிறது. கனடா எல்லையோர ஜெஃபர்சன் கவுண்டியில் ஃபோர்ட் டிரம் ராணுவ முகாம். இரண்டு மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போகிறவர் எதற்கு வீடு வாங்குவார்?

யாருக்குக் கடன் கிடைத்தது

இதுவரை சொன்னது கட்டடத்தின் கதை. கட்டடத்துக்குப் பின்னால் கடனின் கதை இருக்கிறது. இந்தப் பகுதியை விட்டுவிட்டு நாசோவின் 80-ஐப் பற்றிப் பேசுவது அந்த எண்ணைப் பாதியாக வெட்டிவிட்டுப் பேசுவது.

1930-களுக்கு முன்னால் அமெரிக்காவில் வீட்டுக்கடன் வாங்குவது சாதாரணக் குடும்பத்தால் ஆகிற காரியமாக இல்லை. பல இடங்களில் விலையில் பாதியை ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். மீதிக்குக் கிடைக்கும் கடனோ ஐந்து, பத்து ஆண்டில் முடிந்துவிடும். கடைசியில் அசலை மொத்தமாகக் கட்ட வேண்டும். பொருளாதாரப் பெருமந்தம் வந்து லட்சக்கணக்கான வீடுகள் ஏலத்துக்குப் போன பிறகு, மத்திய அரசு உள்ளே வந்தது. 1933-ல் வீட்டுக்கடன்களைக் காப்பாற்ற ஒரு அரசுக் கழகம். 1934-ல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம்: வங்கி கொடுக்கும் கடனுக்கு அரசு காப்பீடு. கடன் திரும்பாவிட்டால் அரசு தரும் என்ற தைரியத்தில் வங்கிகள் 20, 25, 30 ஆண்டுக் கடன்களைக் கொடுக்கத் தொடங்கின. முன்பணம் குறைந்தது. மாதத்தவணை வாடகையோடு போட்டி போடும் அளவுக்கு இறங்கியது. 1944-ல் போர் வீரர்களுக்கான சட்டம் வந்து, ஊர் திரும்பிய வீரர்களுக்கு முன்பணமே இல்லாத கடனுக்கு வழி செய்தது. 1940-ல் 44 சதவீதத்துக்குக் கீழே இருந்த நாட்டின் சொந்த வீட்டு விகிதம் 1960-ல் 62-க்கு வந்து நின்றது. இருபதே ஆண்டில்! அமெரிக்கர்கள் திடீரென்று சிக்கனமானவர்களாக மாறிவிட்டார்களா? கடனின் விதி மாறியது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த விதி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. அரசுக் கழகம் நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கடன் கொடுக்கப் பாதுகாப்பான பகுதி பச்சை, அடுத்து நீலம், சரியும் பகுதி மஞ்சள், ஆபத்தான பகுதி சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எப்போதும் சிவப்புக்குள் போயின. பழைய கட்டடங்களில் புலம்பெயர்ந்தோர் நெருக்கமாக வாழ்ந்த பகுதிகளும் கீழ்மட்ட நிறங்களையே பெற்றன. தெற்கு பிராங்க்ஸின் பெரும்பகுதி இந்தக் கீழ்நிறங்களில்தான் இருந்தது. கடன் காப்பீடு கொடுத்த நிர்வாகத்தின் கையேடும், பல இனத்தார் கலந்து வாழும் பகுதியை ஆபத்து என்றே மதிப்பிட்டது. புறநகரில் புதிதாகக் கட்டும் தனி வீடுகளை விரும்பியது.

அந்தப் புறநகர் எங்கே எழுந்தது? நாசோவில். 1947-ல் அங்கே உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில் லெவிட் நிறுவனம் வீடு கட்டத் தொடங்கியது. தொழிற்சாலையில் கார் செய்வதுபோல வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு குழு அடித்தளம் போட்டுக்கொண்டே போக, அடுத்த குழு சுவர் எழுப்பிக்கொண்டே வந்தது. 1951-க்குள் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் தயார். 1949-ல் ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். போர் வீரருக்கு முன்பணம் தேவையில்லை. லெவிட்டவுன் என்ற பெயர் உலகப் புகழ் பெற்றது.

அந்த வீடுகளின் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. வெள்ளை இனத்தவரைத் தவிர வேறு யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது. வீட்டு வேலைக்காரராக இருந்தால் மட்டும் விலக்கு. ஒரே போரில் சண்டையிட்டுத் திரும்பிய இரண்டு வீரர்களில் வெள்ளையருக்கு நாசோவில் சொந்த வீடும், கறுப்பினத்தவருக்கு நகரத்தில் வாடகை வீடும் கிடைத்ததற்குச் சேமிப்புப் பழக்கத்தைக் காரணம் சொல்ல முடியுமா? இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றம் அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948-ல் தீர்ப்பளித்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் வர 1968 ஆகிவிட்டது. அதற்குள் ஒரு தலைமுறை வீடு வாங்கி, கடனில் பாதியை அடைத்து, வீட்டின் மதிப்பு ஏறுவதைப் பார்த்துவிட்டிருந்தது. இன்றும் அமெரிக்காவில் வெள்ளையர் குடித்தனங்களில் 70 சதவீதத்துக்கும் மேல் சொந்த வீட்டில் இருக்க, கறுப்பினக் குடித்தனங்களில் பாதிகூட அப்படி இல்லை.

நாம் இந்தக் கதைக்குள் வந்தது அதற்குப் பிறகுதான். இன்று நாசோவின் ஹிக்ஸ்வில், நியூ ஹைட் பார்க் பக்கம் நம்மவர்கள் வீடு வாங்கிக் குடியேறியிருப்பது 1965-க்குப் பின் திறந்த குடியேற்றச் சட்டத்தாலும், 1968-ல் வந்த இந்த வீட்டுச் சட்டத்தாலும் சாத்தியமானது. பின்னதை வாங்கிக் கொடுத்தது கறுப்பின மக்களின் போராட்டம். பிராங்க்ஸைப் பற்றி எளிதாகத் தீர்ப்புச் சொல்லும் நம்மவர்களிடம் இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடனும் முதலீடும் வெளியேறிய பிராங்க்ஸுக்கு 1970-களில் என்ன நடந்தது என்பது எல்லோரும் அறிந்ததே. கட்டடங்கள் கைவிடப்பட்டன, எரிந்தன. 1970-ல் 14.7 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1980-ல் 11.7 லட்சம். பத்து ஆண்டில் மூன்று லட்சம் பேர் இல்லாமல் போனார்கள்.

உயர்ந்த எண் எப்போதும் நல்ல எண்ணா?

இல்லை. அமெரிக்காவில் சொந்த வீட்டு விகிதம் மிக அதிகமாக உள்ள மாநிலம் பல ஆண்டுகளாக வெஸ்ட் வர்ஜீனியாதான்; நாட்டின் ஏழ்மையான மாநிலங்களில் அதுவும் ஒன்று. நியூயார்க்கின் மேற்கே அலகனி போன்ற கவுண்டிகளிலும் இதே நிலைதான். இளைஞர்கள் வேலை தேடி வெளியேற, பெற்றோர் பழைய வீட்டில் இருக்கிறார்கள். வீடு மலிவு, கடனும் அடைந்துவிட்டது. விகிதம் உயரமாக நிற்கிறது. விற்கலாம் என்றால் நியூயார்க் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடம்கூட வாங்க முடியாத தொகைதான் சில வீடுகளுக்குக் கிடைக்கும்.

நாசோவின் 80-க்கும் ஒரு விலை உண்டு. அங்கே நடுத்தர வீட்டின் ஆண்டுச் சொத்து வரி 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. சென்சஸ் அட்டவணையில் சரியான தொகையைக்கூடப் போடுவதில்லை, ‘10,000-க்கு மேல்’ என்று நிறுத்திவிடுகிறார்கள். கடனை முழுக்க அடைத்த ஓய்வூதியக்காரருக்கும் மாதம் 800, 900 டாலர் வரிக்கே போகிறது. மறுபக்கம், நகரத்தில் சுமார் பத்து லட்சம் வாடகை வீடுகளுக்கு வாடகை உயர்வைக் கட்டுப்படுத்தும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. முப்பது ஆண்டுகள் ஒரே பிளாட்டில் வாழ்ந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, தெருவில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வாடகைக்காரர்கள் பிராங்க்ஸில் ஏராளம். வேரூன்றியவர், வேரில்லாதவர் என்று அந்த எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது.

விகிதம் ஏறுவதே ஆபத்தாக முடிந்த காலமும் உண்டு. 2004-ல் நாட்டின் விகிதம் 69 சதவீதத்தைத் தொட்டபோது அதைக் கொண்டாடினார்கள். அந்த ஏற்றத்தின் ஒரு பகுதி, கட்டமுடியாத கடனைத் தலையில் கட்டி விற்ற ஏற்றம். குவீன்ஸின் தென்கிழக்கில், ஜமைக்கா என்ற பகுதியைச் சுற்றி, கறுப்பினக் குடும்பங்கள் பெரும்பாடுபட்டு வீடு வாங்கிய பகுதிகளில் அந்தக் கடன்கள் குவிந்தன. 2008 நெருக்கடியில் நகரத்திலேயே மோசமாக அடிவாங்கியது அந்தப் பகுதிதான். 2016-ல் நாட்டின் விகிதம் 63-க்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது.

நீங்களே எண்ணைத் தேடும்போது

சென்சஸ் பீரோவின் தளத்தில் எந்தக் கவுண்டிக்கும் இந்த விகிதத்தை இலவசமாகப் பார்க்கலாம். எந்தக் கணக்கிலிருந்து எடுக்கிறீர்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் முழுக் கணக்கெடுப்பு ஒன்று. செய்திகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் விகிதம் வேறொரு மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வருவது; அதில் நாடு, மாநிலம், பெருநகரம் உண்டு, கவுண்டி கிடையாது. கவுண்டிக்கு ஏற்றது எங்களுக்குத் தபாலில் வந்த அந்த ஆண்டுக் கணக்கெடுப்பு.

அதிலும் இரண்டு விதம். 65,000 பேருக்கு மேல் வாழும் கவுண்டிக்கு ஒவ்வொரு ஆண்டும் தனி எண் கிடைக்கும். ஹாமில்டன் போன்ற சின்னக் கவுண்டிகளில் ஓராண்டில் படிவம் நிரப்புபவர்கள் மிகக் குறைவு என்பதால், ஐந்து ஆண்டுத் தகவலைச் சேர்த்து ஒரே எண்ணாகத் தருவார்கள். 62 கவுண்டிகளையும் ஒப்பிட வேண்டுமானால் ஐந்தாண்டு எண்தான் வழி. அப்போது 2017 முதல் 2021 வரையான எண்ணையும் 2018 முதல் 2022 வரையான எண்ணையும் பக்கத்தில் வைத்து ‘ஒரு வருடத்தில் இவ்வளவு ஏற்றம்’ என்று சொல்லிவிடாதீர்கள். ஐந்தில் நாலு ஆண்டு இரண்டுக்கும் பொது. 2020-க்கான ஓராண்டு எண்ணையும் நம்பி ஒப்பிட வேண்டாம். பெருந்தொற்றில் படிவங்கள் சரியாகத் திரும்பாததால் அதைச் சோதனை முயற்சி என்று சொல்லித்தான் பீரோவே வெளியிட்டது.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு என்று ஒன்று போட்டிருக்கும். சின்னக் கவுண்டிகளில் அது பெரிது. ஒரு கவுண்டி 79, இன்னொன்று 81, பிழை வரம்பு இரண்டுக்கும் மூன்று புள்ளி என்றால், எது உயர்ந்தது என்று சொல்லவே முடியாது. தரவரிசைப் பட்டியல் போடுகிறவர்கள் பிழை வரம்பை வெட்டிவிடுவார்கள். நீங்கள் வெட்டாதீர்கள்.

பிராங்க்ஸுக்குப் போனால் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்று சார்லட் தெரு. 1977-ல் அதிபர் கார்ட்டர் வந்து நின்று பார்த்தபோது அது இடிபாடுகளின் மேடு. 1980-களில் அங்கே தொண்ணூறு அளவில் தனி வீடுகளைக் கட்டி, குறைந்த விலைக்கு உள்ளூர்க்காரர்களுக்கு விற்றார்கள். வெள்ளை மரவேலி, முன்னால் புல்வெளி, பின்னால் ரயில் சத்தம். லெவிட்டவுனைத் துண்டு வெட்டிக்கொண்டுவந்து வைத்ததுபோல இருக்கும்.

இன்னொன்று கவுண்டியின் வடகிழக்கில் உள்ள கோ-ஆப் சிட்டி. 15,372 பிளாட்டுகள், வானுயரக் கோபுரங்கள். நடுத்தர வருமானக் குடும்பங்களுக்காக மாநிலச் சட்டத்தின் கீழ் கட்டிய கூட்டுறவு. குடிவருபவர் ஒரு பங்குத்தொகை கட்டுகிறார், பிறகு மாதாமாதம் ஒரு தொகை. போகும்போது பங்குத்தொகையை வாங்கிக்கொண்டு போகலாம், சந்தை விலைக்கு விற்க முடியாது. சொந்த வீடா, வாடகை வீடா? அங்கே முப்பது வருடமாகக் குடியிருக்கும் ஒரு பாட்டிக்கு அந்தப் படிவம் போய்ச் சேரும்போது, நான்கு பெட்டிகளில் எதில் அவர் டிக் போடுகிறாரோ, பிராங்க்ஸின் விகிதத்தில் அவர் வீடு அப்படியே பதிவாகும்.